"கடைசி கார்" வாங்கி ஏமாந்தவர்கள்!

"கடைசி பீஸ் சார், இனிமே வராது!" – ஜவுளிக்கடையில் இதைக் கேட்டு மயங்காதவர் யார்?

அமெரிக்காவில் பெரிய பணக்காரர்களே இதற்கு மயங்கினார்கள்.

காடிலாக் கம்பெனியின் எல்டொராடோ, கூரையை மடக்கித் திறக்கும் சொகுசு கார். இத்தகைய கார் கவிழ்ந்தால் தலைக்குப் பாதுகாப்பில்லை, அரசு தடை போட்டுவிடும் என்று அங்கே பேச்சு பலமாக அடிபட்டது. விற்பனையும் படுத்துவிட்டது. 1976-ல், "இதுதான் கடைசி" என்று சொல்லி 14 ஆயிரம் கார்களை விட்டார்கள். விலை சுமார் 11 ஆயிரம் டாலர். அதற்கு மேலும் கொடுத்து வாங்கினார்கள் சிலர்.

ஓட்டவா? அதுதான் இல்லை! பூட்டி வைத்து, பிற்பாடு கொள்ளை லாபத்துக்கு விற்க!

தடை வரவே இல்லை. 1984 மாடலில் அதே பெயரில் திறந்த கார் மறுபடி வந்தது. வாங்கியவர்கள் ஆத்திரப்பட்டு கோர்ட்டுக்குப் போனார்கள்.

கம்பெனி செய்தது சரியல்லதான். ஆனால் கார் என்ன, நகையா, பெட்டியில் பூட்டி வைக்க? சும்மா கிடந்தால் பேட்டரி இறங்கும். டயர் ஒரு பக்கம் தட்டையாகும். மடித்தே கிடந்த கூரைத் துணி சுருங்கி, மூட வராமல் அடம்பிடிக்கும்.

திறந்த காரில் பார்க்க வேண்டியது இரண்டு. மழைக்கு ஒழுகாத கூரை. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி. 1989-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில், கவிழப் போகும்போதே அந்தக் கம்பி தானாக எழும்பி நிற்கும்.

இதைப் பார்த்து வாங்கணும். காற்று வாங்க ஓட்டணும். நாளைய விலையை நம்பி வாங்கினால், மிஞ்சுவது உறை போட்ட காரும் வயிற்றெரிச்சலும்தான்!