சதுப்புப் பேய் யார் சொத்து?

'ஸ்வாம்ப் கோஸ்ட்', அதாவது சதுப்புப் பேய். பேரைக் கேட்டதும் ஆவி, பிசாசுன்னு நினைச்சுடாதீங்க :) இது ஒரு அமெரிக்க குண்டுவீச்சு விமானம். 'பறக்கும் கோட்டை'ன்னு சொல்ற பி-17 ரகம், நாலு இஞ்சின். இப்போ ஹவாய் தீவுல, பேர்ல் ஹார்பர் அருங்காட்சியகத்துல இருக்கு. அது அங்கே இருக்கறது நியாயமாங்கறதுதான் என் கேள்வி.

முதல்ல கதை. 1942 ஜனவரியில ரபாவுல் துறைமுகத்தை ஜப்பான் பிடிச்சது. பிப்ரவரி 23 அன்னிக்கு ஆஸ்திரேலியாவோட டவுன்ஸ்வில்லில் இருந்து கிளம்பின விமானங்கள் அங்கே குண்டு போடப் போச்சு. ஃப்ரெட் ஈட்டன் ஓட்டினதுல, முதல் சுற்றுல குண்டே விழலை. மனுஷன் திரும்பி ஓடலை. இன்னொரு சுற்று போய் போட்டுட்டுத்தான் வந்தார். ஜப்பானிய விமானங்கள் துரத்தி துரத்திச் சுட்டதுல தப்பிச்சு நியூகினி வரைக்கும் வந்தாச்சு. ஆனா மலையைத் தாண்டி போர்ட் மோர்ஸ்பி போக எரிபொருள் போதாது. கீழே பச்சைப்பசேல்னு வயல் மாதிரி தெரிஞ்ச இடத்துல, சக்கரத்தை வெளியே எடுக்காம வயிறு தரையில பட இறக்கினார்.

அது வயல் இல்லை, அகைம்போ சதுப்பு நிலம்! ஆள் உயரப் புல்லு, அடியில தண்ணி. 9 பேரும் உயிரோட வெளியே வந்து, நாள் கணக்கா சேத்துல நடந்தாங்க. கண்டுபிடிச்சுக் காப்பாத்தினது அந்த ஊர் ஜனங்கதான். மலேரியாவோட போராடி, ஏப்ரல் 1-ஆம் தேதி போர்ட் மோர்ஸ்பி சேர்ந்தாங்க.

விமானம்? அங்கேயே கிடந்தது. 1972-ல ஆஸ்திரேலிய விமானப்படைக்காரங்க ஹெலிகாப்டர்ல போறப்போ கண்ணுல பட்டுச்சு. 2006-ல ஒரு அமெரிக்கர் தலைமையில ஒரு குழு இறக்கையைக் கழட்டி, ஹெலிகாப்டர்ல தூக்கி வெளியே கொண்டு வந்தாங்க. "எங்க நாட்டு சொத்து"ன்னு பப்புவா நியூகினியில எதிர்ப்பு கிளம்பி, லே துறைமுகத்துலயே வருஷக்கணக்கா நின்னுச்சு. 2010-ல தான் அமெரிக்கா போச்சு.

சதுப்புலயே விட்டிருந்தா துருப்பிடிச்சே போயிருக்கும், பார்க்கப் போனவங்க ஆளுக்கொரு பாகத்தைக் கழட்டிட்டுப் போனாங்கன்னு சொல்றாங்க. நிஜம்தான். வெளியே எடுத்தது சரின்னுதான் நானும் சொல்வேன்.

ஆனா வெளியே எடுக்கறது வேற, நாட்டை விட்டே கொண்டு போறது வேற இல்லையா? விட்டுட்டுப் போனது அமெரிக்கா. 64 வருஷம் வெச்சிருந்தது அந்த மண்ணு. பராமரிக்க அங்கே வசதி பத்தாதுன்னா, வசதி செஞ்சு கொடுக்கலாமே? இல்லைன்னா, சொத்து உங்களுதுதான், எங்ககிட்ட இரவலா இருக்கட்டும்னு எழுதி வாங்கியிருக்கலாமே? எத்தனையோ அருங்காட்சியகங்கள்ல இந்த மாதிரி இரவல் வாங்கித்தானே வைக்கறாங்க!

9 உயிரைத் திருப்பி அனுப்பி வெச்ச ஜனங்க அவங்க. அவங்க பேரப்பிள்ளைங்க அந்த விமானத்தைப் பார்க்கணும்னா இன்னிக்கு ஹவாய்க்கு டிக்கெட் எடுக்கணும். இதை எப்படி நியாயம்னு சொல்றது?