கிணறுகள் வற்றிய பின்னர் கண் திறப்பதா?

அமிர்தகழியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி வரை வாவியையும் கடலையும் அண்டிய மணல் நிலத்தில் சில அடி தோண்டினாலே நன்னீர் ஊறுகின்றது. இவ்வூர்களுக்கு இயற்கை வழங்கிய இந்தக் கொடை எத்துணை மென்மையானது என்பதை நிலத்தைத் தோண்டுவோர் பெரிதும் சிந்திப்பதில்லை.

நிலத்தடிப் பணிகளில் இத்தகைய அலட்சியம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு உமா ஓயா பல்நோக்குத் திட்டம் நம் நாட்டின் கசப்பான பாடமாகும். 2014 டிசம்பரில் அதன் சுரங்கப்பாதைக்குள் பெருமளவு நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதியில் இறங்கிப் போராட நேர்ந்தது. 120 மெகாவாற் மின்சாரம் தரும் அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. ஆயினும், அதற்கு மலையக மக்கள் செலுத்திய விலையை மின்சாரக் கணக்கில் காண முடியாது.

நகரங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2019 ஆகஸ்டில் கொல்கத்தாவின் பௌபஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் துளைத்தது. நீருடன் மண்ணும் சரிந்து உட்புகுந்ததால் மேலிருந்த பழைய வீடுகள் இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர்.

மட்டக்களப்பில் சுரங்க ரயில் இல்லையே என்று நாம் ஆறுதலடைய முடியாது. ஆழமான அத்திவாரங்களும் கழிவுநீர்க் குழாய்களும் அமைக்கப்படும்போது, குழியிலிருந்து நீரை இரவு பகலாக இறைப்பது வழமை. இங்கு நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிலைத்திருக்கும் என்பது நீரியலின் பொது விதி. எனவே, அரை மீற்றர் நீர்மட்டம் நிலையாகத் தாழ்ந்தால், காலப்போக்கில் உவர்நீர் 20 மீற்றர் வரை மேலெழக் கூடும். நீர் இறைக்கப்படும் தளர்ந்த மணல் அமிழ்ந்தால் அயல் வீடுகளின் சுவர்களும் வெடிக்கும். 2004 சுனாமியின் பின்னர் உவர்ப்பேறிய கிணறுகளைக் கண்டவர்களுக்கு இதன் பாரதூரம் விளங்கும்.

தடுக்கும் வழிகள் அறியப்படாதவை அல்ல. பணிக்கு முன்னரே மண்ணடுக்குகளைத் துளையிட்டு ஆராய்தல், சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் பதிவு செய்தல், சுவர்களின் நிலையைப் படம் பிடித்து வைத்தல், நீர் கசியாத தடுப்புச் சுவர் அமைத்த பின்னரே தோண்டுதல் ஆகியன கட்டாயமாக்கப்பட வேண்டும். முன்கூட்டிய பதிவு இல்லையேல், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோருகையில் தமது கிணறு முன்னர் நன்னீர்க் கிணறாக இருந்தது என்பதைக்கூட நிரூபிக்க இயலாது.

நிலத்தடி நீர் ஊர் எல்லையோ இன எல்லையோ அறியாது. ஒரு வளவில் இறைக்கப்படும் நீர் அடுத்த வளவின் கிணற்றிலிருந்தும் வருகின்றது. ஆகவே உள்ளூராட்சி சபைகள் தனித்தனியே அனுமதி வழங்குவதோடு நின்றுவிடாமல், இவ்விடயத்தில் இணைந்து செயற்படுவது காலத்தின் தேவையாகும். குழாய் நீர் வந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றைக் கைவிடுவது, வறட்சிக் காலத்துக்கான சேமிப்பை இழப்பதற்கு ஒப்பானதாகும்.