பன்றிக்கு மூன்று கிலோமீட்டர் கணக்கு தெரியாது

 

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சூளகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போட்டிருக்கிறான். பகலில் கம்பெனியில் ஒப்பந்த வேலை. "சார், பன்னி மூணாவது தடவையா வந்து கிளறிட்டுப் போயிடுச்சு. ஒரே ஒரு ராத்திரி கம்பியில கரண்ட் விடலாம்னு இருக்கேன்" என்றான். அவனுக்கு ஐந்தாம் வகுப்பில் அறிவியல் நடத்தியவன் நான். தூக்கம் போய்விட்டது.

2023 மார்ச்சில் பக்கத்து மாவட்டத்தில், மாரண்டஹள்ளி அருகே நடந்தது நினைவிருக்கும். பன்றிக்காக வைத்த மின்வேலியில் 3 யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. விவசாயி கைதானார். கம்பிக்குப் பன்றி எது, யானை எது, தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷன் எது என்று தெரியாது. அவுட்டுக்காயும் அப்படித்தான்.

"அப்ப சுடச் சொல்லுங்க சார்" என்றான். நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் அரசு சட்டமன்றத்தில் அறிவித்த முறை இது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நாமாகச் சுட்டால் குற்றம்.

இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பன்றி கிலோமீட்டர் பார்த்து நடப்பதில்லை. ஒரே ராத்திரியில் மூன்று எல்லையையும் தாண்டிவிடும். தளி, அஞ்செட்டிப் பக்கம் காட்டோரம். அங்கே காத்திருந்தால் வரும். எங்கள் பக்கம் இருப்பதோ சில கூட்டங்கள்தான். இன்று இந்த ஊர், நாளை அடுத்த ஊர், பிறகு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். மனு எழுதி, பார்வையிட்டு, துப்பாக்கியோடு ஆள் வருவதற்குள் அது எங்கேயோ போயிருக்கும்.

சுடுவதிலும் ஆபத்து இருக்கிறது. இது தொழிற்பேட்டை ஊர். ராத்திரி ஷிப்ட் முடிந்து இருட்டில் வண்டியில் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்! தவறிய குண்டு வரப்போடு நிற்காது.

கேரளாவில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். முடிவு ஊருக்குப் பக்கத்தில் எடுக்கப்படுவது நல்லது. ஆனால் ஆளுக்கொரு துப்பாக்கி இங்கே வேண்டாம். "வாயில்லா ஜீவன், விட்டுவிடுங்கள்" என்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: ஒரு ராத்திரியாவது பரணில் உட்கார்ந்து தகரம் தட்டியிருக்கிறீர்களா? நாலு மாதத்துக்குள் குட்டி போடும், ஒரு ஈற்றில் நாலைந்து இருக்கும். இன்று குறைவு என்பதால் சும்மா இருக்க முடியாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். பன்றி குறைவாக இருக்கிற இடத்தில் துப்பாக்கியைவிட நோட்டுப் புத்தகம் முக்கியம். ஊராட்சிதோறும் எழுதுங்கள்: எந்தத் தேதி, யார் கொல்லை, எத்தனை உருப்படி, எந்தத் திசையில் போனது. அடுத்த ஊர்க்காரர்களோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் தடம் தெரிந்துவிடும். பகலில் அவை படுப்பது வற்றிய ஏரிக்குள் சீமைக் கருவேலத்திலும், வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கிற மனைகளின் புதரிலும்தான். அதை வெட்டுங்கள். தடத்தில் பெரிய கூண்டு வைத்து, சில நாள் கதவைத் திறந்தே விட்டுத் தீனி போட்டுப் பழக்கினால் கூட்டத்தோடு பிடிக்கலாம். ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி, உஷாராகிவிடும். கூண்டுக்கு வராததைச் சுட, வனத்துறைக்கு அந்த நோட்டே வழிகாட்டும். இழப்பீட்டையும் அடுத்த விதைப்புக்குள் கொடுங்கள். அது தாமதமாகிற ஒவ்வொரு மாதமும் ஒருவனைக் கம்பி பக்கம் தள்ளுகிறது.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். இருவரும் உட்கார்ந்து மனு எழுதினோம். கம்பியைச் சுருட்டி வீட்டுப் பரண்மேல் போட்டான். பஸ் ஏற்றிவிடும்போது கேட்டான்: "மனு கொடுத்தா இன்னைக்கு ராத்திரி வராதா சார்?"

என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் அவன் மறுபடி பரண் ஏறிக் கம்பியை எடுப்பதற்குள் சொல்ல வேண்டும்.