துறை மாறும் வயது

என்னிடம் இயந்திரப் பொறியியல் பயின்ற மாணவர் ஒருவர், பட்டம் பெற்றதும் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் மகிழுந்துகளுக்குப் பற்சக்கரப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். மூன்றாம் ஆண்டில், அப்பணியை விட்டுக் காற்றாலைத் துறைக்குச் செல்லப் போவதாக வீட்டில் கூறினார். “இருக்கிற வேலைக்கு என்ன குறை? காலூன்றும் நேரத்தில் யாராவது காலை எடுப்பார்களா?” என்றார் தந்தை. “பெண் பார்க்கும் வேளையில் இது தேவையா?” என்றார் தாய். இவ்வினாக்களை நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆயினும் அவற்றில் நியாயம் உண்டு. புதிய துறையில் ஊதியம் குறையலாம். ஈட்டிய பணிமூப்பு கைவிட்டுப் போகும். தமக்குப் பின் பட்டம் பெற்றோரிடமே தொழில் கற்கவும் நேரலாம். இவ்வளவும் அறிந்தே சொல்கிறேன்: பணிவாழ்வின் முதல் ஐந்தாண்டுகளுக்குள் ஓர் இளம் பொறியாளர் துறை மாற விரும்பினால் அவரைத் தடுக்கலாகாது.

இயந்திரப் பொறியியலின் அடிப்படை எந்த ஒரு தொழிலுக்கும் தனியுரிமை அன்று. பெரிய காற்றாலை ஒன்றின் இறகுகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை சுழல்கின்றன. அதனோடு இணைந்த மின்னாக்கியோ, பல வகைகளில், நிமிடத்திற்கு 1500 முறை என்னும் அளவில் சுழல வேண்டும். இடையில் நின்று வேகத்தைப் பெருக்கித் தருவது பற்சக்கரப் பெட்டி. மகிழுந்தில் எஞ்சினின் மிகுவேகத்தைக் குறைத்துச் சக்கரங்களுக்கு அளிப்பதும் பற்சக்கரப் பெட்டியே. ஒன்று பெருக்குகிறது, மற்றொன்று குறைக்கிறது. பல்லின் வளைவு, அதன்மேல் விழும் அழுத்தம், இடையே பரவும் எண்ணெய்ப் படலம், தண்டைத் தாங்கும் பேரிங் ஆகிய அனைத்துக்கும் கணக்கு ஒன்றே. நீங்கள் இவ்வாண்டு இயற்பியலில் படிக்கும் திருப்பு விசைதான் இரண்டுக்கும் வேர்.

இத்தகைய அறிவு துறைவிட்டுத் துறை சென்றதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டிகளின் அச்சுகள், தாங்கவல்ல சுமைக்கும் குறைவான சுமையிலேயே முறிந்து விழுந்தன. செருமானியத் தொடர்வண்டிப் பொறியாளரான ஆகஸ்ட் வோலர், அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைவுக்கு உட்படுத்திச் சோதித்தார். சிறு சுமையாயினும் இலட்சக்கணக்கான முறை மாறி மாறி வந்தால் உலோகம் சோர்ந்து முறியும் என்பதை விளக்கினார். 1954இல் காமெட் என்னும் பிரித்தானியப் பயணியர் வானூர்திகள் இரண்டு நடுவானில் சிதறின. ஆய்வாளர்கள் கண்டறிந்த காரணமும் அதே உலோகச் சோர்வே. தண்டவாளத்தில் கற்ற பாடம் வானத்துக்கும் உரியதாயிற்று.

எனினும் கணக்கு ஒன்றாயினும் பழக்கம் வேறு. துறை மாறுவோர் இடறுவது இங்கேதான். மகிழுந்துத் தொழிலில் ஒரே உறுப்பு ஆயிரக்கணக்கில் வார்ப்படமாகி வரும். மயிரிழை வேறுபாடும் இன்றி ஒன்றுபோல் ஆக்குவதே அங்குத் திறமை. கொதிகலன் தொழில் அப்படிப்பட்டதன்று. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தில் உருவாகும் மாபெரும் கொதிகலன் ஒவ்வொன்றும் ஒரு தனிப் படைப்பு. 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் உலோகத் தகட்டின் தடிப்பு முதல் பற்றவைப்பவரின் தகுதி வரை வரையறுக்கின்றன. ‘விரைந்து செய்’ என்று பழகிய கைக்கு, ‘சான்று கிடைக்கும்வரை நில்’ என்பது முதலில் எரிச்சலூட்டும். அந்த எரிச்சலைத் தாங்கும் பொறுமை இருபத்தைந்து வயதில் இருக்கும். நாற்பதில் இருப்பது அரிது. பொறுமை இருப்பினும், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் குறைந்த ஊதியத்தை ஏற்க விடா.

அப்துல் கலாமை ஏவுகணையோடு சேர்த்தே நாம் அறிவோம். அவர் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்றது, இயந்திரப் பொறியியலின் உடன்பிறப்பான வானூர்திப் பொறியியல். 1958இல் பாதுகாப்புத் துறையின் பணியில் சேர்ந்தார். பெங்களூருவில் ‘நந்தி’ என்னும் மிதவை ஊர்தியை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். அத்திட்டம் கைவிடப்பட்டது. 1962இல் விண்வெளி ஆய்வுப் பணிக்கு மாறினார். 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி எழும்பியபோது அவர் அங்கே இருந்தார். சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் வானூர்தி, மிதவை ஊர்தி, ஏவூர்தி! நம் வீடுகளில் வேறொருவர் இவ்வாறு செய்தால் ‘நிலையில்லாதவர்’ என்று பெயர் வாங்கியிருப்பார்.

நாம் மாறாவிடினும் துறை மாறிவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் ஊர்திக்குப் பிஸ்டன் வேண்டா, வால்வு வேண்டா, எரிபொருள் குழாயும் புகைபோக்கியும் வேண்டா. இவ்வுறுப்புகளைச் செய்தே வாழும் சிறு தொழிற்கூடங்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பல உள்ளன. ஆங்கே அசையாது அமர்ந்திருப்பதைப் ‘பாதுகாப்பு’ என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

அதற்காக ஆண்டுக்கொரு துறை தாவுவோரை நான் ஆதரிக்கவில்லை. ஓர் உறுப்பு வரைபடமாகப் பிறந்து, சோதனையில் தோற்று, திருத்தப்பட்டு, வாடிக்கையாளரிடம் சென்று, பழுதென்று திரும்பி வரும் முழுச் சுற்றைக் காண இரண்டாண்டுகளேனும் ஆகும். அதைக் காணாமல் வெளியேறுபவரிடம் எடுத்துச் செல்ல ஒன்றும் இராது. மேலாளர் கடிந்தார் என்று கிளம்புவோரும் இருக்கின்றனர். கடியும் மேலாளர் எத்துறையிலும் உண்டு.

அந்த மாணவர் இப்போது கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் இருக்கிறார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் ஓர் ஆலை ஒருமணி நேரம் நின்றாலும் இழப்புதான். ஆகவே காற்று ஓய்ந்த மாதங்களிலேயே பெரிய பழுதுகளைப் பார்க்கின்றனர். முதன்முறை கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் பெட்டியைத் திறந்தபோது, பல்லின்மேல் நுண்ணிய குழிகள் தெரிந்தனவாம். “ஐயா, தொழிற்சாலையில் உருப்பெருக்கியில் பார்த்த அதே குழிகள்! பல்தான் என் உள்ளங்கையைவிடப் பெரிது” என்று தொலைபேசியில் கூவினார். பழைய ஊதியத்தை எட்ட அவருக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு செல்லும்போது தந்தை தவறாமல் கேட்கிறாராம்: “அடுத்து எங்கேப்பா?”