ஏரிச் சங்கிலிக்கு எத்தனை எஜமானர்?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடையவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வள இலாகாவின் பொறுப்பு. ஏட்டில் இப்பிரிவினை செவ்வையாகவே தோன்றும். தண்ணீரோ ஏட்டைப் பார்த்து ஓடுவதில்லை. மேலேரியின் கலங்கலில் வழிவதுதான் கீழேரிக்கு வரத்து. மேலேரி ஒன்றியத்தினுடையது, கீழேரி இலாகாவினுடையது, இடையிலுள்ள வாய்க்கால் புறம்போக்கு வருவாய்த் துறையினுடையது என்றால், வாய்க்கால் தூர்ந்ததற்கு விவசாயி எவரைக் கேட்பது?

2015-இல் பெருவெள்ளம், 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கும் காலத்தில், அதைப் பிடித்து வைக்க ஏரியன்றி வேறு கதி ஏது? கடைமடை காய்ந்தால் பயிர்க்கடன் தவணை தவறும். நெசவாள அங்கத்தினர்களும் இதை அயலார் விவகாரமென எண்ண வேண்டாம்; உடைப்பெடுத்த ஏரி குழித்தறியையும் விட்டுவைக்காது.

2017-இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்து வரவேற்கத்தக்கதே. ஆனால், மராமத்துக்கு மட்டும் உழவர், நிர்வாகத்திற்கு இலாகா என்பது அரைகுறை ஏற்பாடு. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வழிகோலும் சட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுள்ளது. அதைக் கொண்டு, சங்கிலித் தொடர் முழுமைக்கும், சிற்றேரிகள் உட்பட, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே சங்கம் அமைத்து, நிதியையும் மதகுச் சாவியையும் அதனிடமே ஒப்படைத்தல் வேண்டும். அப்போது மேலேரிக்காரர் கலங்கலை உயர்த்திக் கட்டுவதும், கீழேரிக்காரர் அதை இரவில் இடிப்பதும் ஒரே மகாசபைக் கூட்டத்தில் நேருக்கு நேர் பேசப்படும்.