கிணறு மேலே, சுரங்கம் கீழே, அதனால்?

நிலக்கரி வெட்டுவது பல நூறு அடி ஆழத்தில், கிணறு இருப்பதோ மேலே, நடுவில் களிப்பாறை. பிறகு நிலத்தடி நீருக்கு என்ன கேடு என்கிறார்கள். சுரங்கத்தின் கூரை நிற்கும்வரை இந்த வாதமும் நிற்கும்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பென்சில்வேனியாவில் கூரையை வேண்டுமென்றே விழ விடுகிறார்கள். அதுதான் 'லாங்வால்' முறை. இயந்திரம் கரியை மொத்தமாக வழித்தெடுத்து முன்னேற, பின்னால் பாறை சரிகிறது. மேலே தரை சில அடி இறங்குகிறது. புதிய விரிசல்களில் ஊற்று திசைமாறிப் போகிறது. களிப்பாறை சில இடங்களில் தடுப்பது உண்மை. பள்ளத்தாக்குக் கிணறுகள் மீள்வதும் உண்டு. மேட்டுக் கிணறுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

பாதிப்பே இல்லையென்றால், கெட்டுப்போன நீராதாரத்துக்குச் சுரங்க நிறுவனமே மாற்று தரவேண்டும் என்று அந்த மாநிலம் 1994-ல் சட்டம் இயற்றியது எதற்காக? கிரீன் மாவட்டத்தில் அணை விரிசல் கண்டு, டியூக் ஏரியை 2005-ல் வடித்தார்கள். சுரங்கமே காரணம் என்றது மாநிலச் சுற்றுச்சூழல் துறை. தரை இன்னும் அசைகிறது என்று 2015-ல் மறுகட்டுமானத்தையும் கைவிட்டார்கள்.

சுரங்கத்தை மூடினாலும் கதை முடியாது. நிரம்பும் நீர் கந்தகக் கனிமத்தோடு சேர்ந்து அமிலமாகி, ஓடைகளைச் செம்மஞ்சளாக்குகிறது.

வெட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் அளந்து எழுதி, உரியவர் கையில் கொடுங்கள். ஆழத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.