உயிருக்கும் டாப் வேரியன்ட்டா?

முன்னால் யாராவது குறுக்கே வந்தால் கேமராவும் ரேடாரும் பார்த்துத் தானாகவே பிரேக் போடும் கார்கள் நம்மூருக்கும் வந்துவிட்டன. ஏடாஸ் என்கிறார்கள். பேச்சை எடுத்தாலே நம்ம பசங்க சொல்லும் பதில் ஒன்றுதான்: "நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது மச்சி. சும்மா கத்திக்கிட்டே இருக்கும், ஆஃப் பண்ணிடணும்."

பாதி உண்மை. கோடே போடாத ரோட்டில், கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருத்தும் வசதி என்னத்தைக் கிழிக்கும்? அதை ஆஃப் பண்ணுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதோடு சேர்த்து அவசர பிரேக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு எரிகிறது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு. இதில் 44 சதவீதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். ஏறத்தாழ 20 சதவீதம் நடந்து போனவர்கள். கார், டாக்சி, வேன் எல்லாம் சேர்த்தே எட்டில் ஒரு பங்குதான்.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். ஒருவர் வாங்கும் பொருளின் நன்மையோ தீமையோ அந்த வியாபாரத்தில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதருக்குப் போனால் அது புறவிளைவு. தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான். அவசர பிரேக்குக்குக் காசு கொடுப்பவர் ஒருத்தர், அதனால் பிழைக்கப் போகிறவர் பெரும்பாலும் வேறொருத்தர். அவர் ஷோரூம் பக்கமே வந்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட பொருளைச் சந்தையின் கையில் விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான மாடல்களில் சன்ரூஃபோடு சேர்ந்து டாப் வேரியன்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்திருக்கிறது!

"வசதி வந்தால் டிரைவருக்கு அலட்சியம் வரும்" என்பார்கள். 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஏபிஎஸ் பொருத்திய டாக்சிகளின் விபத்து குறையவில்லை, டிரைவர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது நிஜம். ஆனால் ஏபிஎஸ்ஸின் பலத்தை டிரைவர் காலால் உணர முடிந்தது. அவசர பிரேக் கடைசி நொடியில்தான் வேலை செய்யும். அதை நம்பி யார் தினமும் வேகமாகப் போவார்?

அந்த ஏபிஎஸ்ஸும் ஒரு காலத்தில் நம்மூரில் டாப் வேரியன்ட் சரக்குதான். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம் என்றார்கள். தொழில் படுத்துவிட்டதா என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு அவசர பிரேக்கும் கட்டாயம்.

இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். கோடு பார்க்கும் வசதி, தானாக வேகம் கூட்டிக் குறைக்கும் வசதி எல்லாம் விருப்பப்பட்டவர் காசு கொடுத்து வாங்கட்டும். அவசர பிரேக் மட்டும் அடிமட்ட வேரியன்ட்டிலிருந்தே இருக்க வேண்டும். ரோட்டைக் கடக்கும் பாட்டி, எதிரே வருவது எந்த வேரியன்ட் என்று பார்த்தா கடக்க முடியும்?